பூனையின் முதுகில் தெரியும் ஆர்என்ஏ

எங்கள் தெருவில் ஒரு மூவண்ணப் பூனை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைப் பாருங்கள், கறுப்பும் ஆரஞ்சும் பெயிண்ட் கலந்தது போல் கலக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். இப்படிப்பட்ட பூனை அநேகமாகப் பெண்தான்.

ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆனால் வேலை செய்ய ஒன்றே போதும், அதனால் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒரு எக்ஸை விளக்கை அணைப்பது போல அணைத்துவிடும். அதன் வாரிசுச் செல்கள் எல்லாம் அதே முடிவைக் கடைசிவரை காப்பாற்றும். ஒரு எக்ஸில் ஆரஞ்சு இருந்து மற்றதில் இல்லையென்றால், ஆரஞ்சு எக்ஸ் அணைந்த இடம் கறுப்பாகவும் மற்ற இடம் ஆரஞ்சாகவும் தெரியும். 1961-இல் மரபியலாளர் மேரி லயன் சொன்னது இது.

சரி, அணைப்பது யார்? 1991-இல் கண்டுபிடித்த எக்ஸிஸ்ட் என்ற ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவைப் பார்த்துச் செல் எடுக்கும் நகல். பொதுவாக இந்த நகலை வைத்துத்தான் செல் புரதம் செய்யும். மனிதரில் 17,000 எழுத்துகளுக்கு மேல் நீளம், ஆனால் அதிலிருந்து ஒரு புரதம்கூட உருவாவதில்லை. உட்கருவை விட்டு வெளியே வருவதும் இல்லை. அணையப்போகும் எக்ஸிலேயே பிறந்து, அதன் மேலேயே படர்ந்து மூடிவிடும். அதே உட்கருவில் இருக்கும் இன்னொரு எக்ஸைத் தொடாது. எனக்கு இன்னும் மலைப்பாக இருப்பது இதுதான். ஸ்பென் என்ற புரதம் அதில் வந்து ஒட்டி மரபணுக்களின் வாயை அடைக்கும், அப்புறம் பாலிகோம்ப் புரதங்கள் வந்து பூட்டுப் போடும். கடைசியில் அந்த எக்ஸ் சுருண்டு ஒரு புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளியை மர்ரே பார் என்ற ஆய்வாளர் 1949-லேயே பார்த்துவிட்டார், அதுவும் பூனையின் நரம்புச் செல்லில்!

புரதம் செய்யாத இப்படிப்பட்ட நீளமான ஆர்என்ஏக்கள் வேறும் உண்டு. நியட்1 என்ற ஒன்று உட்கருவுக்குள் சின்னச் சின்னப் புரதத் திட்டுகளைக் கட்டி நிறுத்துகிறது, அதை எடுத்துவிட்டால் திட்டுகளே கலைந்துவிடும். அதற்காக எல்லா நீள் ஆர்என்ஏவுக்கும் பெரிய வேலை இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்: செல்லில் ஏராளமாக இருக்கும் மலாட்1-ஐ நீக்கியும் எலிகள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் 2013-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் செல்லை எடுத்து, மூன்று 21-ஆம் குரோமோசோம்களில் ஒன்றில் எக்ஸிஸ்டைச் செருகினார்கள், அந்தக் குரோமோசோம் அடங்கிவிட்டது. ஆய்வுக்கூடத் தட்டில்தான், சிகிச்சை இல்லை. இருந்தாலும் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூனைக்கே வருகிறேன். 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனை, ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் ஒரு செல்லிலிருந்து உருவாக்கிய நகல். குட்டியிடம் ஆரஞ்சு ஒரு முடிகூட இல்லை. எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே அடங்கியிருந்தது.