வேப்பமரத்தடி வட்டம்

1993இல் யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று இந்த மலரை வாசிக்கும் பலருக்கும் தெரியும். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் கொப்பிக்கும் தட்டுப்பாடு. பத்தாம் வகுப்பில் வட்டத் தேற்றம் தொடங்கிய அன்று எங்கள் கணித சேர் ஒரு கயிற்றையும் தடியையும் எடுத்துக்கொண்டு எங்களை வேப்பமரத்தடி மணலுக்குக் கூட்டிப் போனார்.

பெரிய வட்டம் கீறினார். வட்டத்தின் விளிம்பான பரிதியில் இரண்டு பேரை நிறுத்தினார். மற்றவர்களை அந்த இருவருக்கும் இடைப்பட்ட பரிதியின் நீண்ட பக்கமான பெரிய வில்லில் வரிசையாக விட்டார். "ஒரு கையால் அவனைக் காட்டு, மற்றக் கையால் இவனைக் காட்டு." கரும்பலகைக்கு வைத்திருந்த மரப் பாகைமானியை ஒவ்வொருவர் கைகளுக்கும் இடையில் பிடித்துப் பார்த்தார். எங்கே நின்றவனுக்கும் 40 பாகைதான். அப்புறம் தானே மையத்தில் போய் நின்று கைகளை விரித்தார். 80, சரியாக இருமடங்கு. கடைசியாக என்னைக் கூப்பிட்டுச் சிறிய வில்லில் நிற்கச் சொன்னார். என் கைகள் அகல விரிந்தன. 140.

வகுப்புக்குத் திரும்பிய பிறகே நிறுவல். மையத்தை நிறுத்திய இருவரோடும் பார்ப்பவனோடும் இணைத்தால் ஆரைகள் சமம், இரண்டு இருசமபக்க முக்கோணிகள். பார்ப்பவனிடமிருந்து மையத்தினூடாக ஒரு கோட்டை நீட்டினால் மையத்தில் வரும் புறக்கோணம் ஒவ்வொன்றும் அவனிடமுள்ள கோணத்தின் இருமடங்கு. ஐந்தே வரி. அன்றைக்கு எங்கள் வகுப்பில் அது யாருக்கும் கடினமாகத் தெரியவில்லை.

போன வருடம் இங்கே சிங்கப்பூரில் என் மகள் உயர்நிலை மூன்றில் இதையே படித்தாள். விடையெல்லாம் சரி. மையத்தில் ஏன் இருமடங்கு என்று கேட்டேன். "அது ரூல், அப்பா" என்றாள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மரினா பே பக்கம் கூட்டிப் போய் சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தைக் காட்டினேன். 28 கூண்டுகள். ஏழு தள்ளியிருக்கும் இரண்டு கூண்டுகள் மையத்தில் 90 பாகையை எதிரமைக்கும், அதாவது மையத்திலிருந்து அவற்றைக் காட்டினால் கைகளுக்கு இடையில் 90. பெரிய வில்லில் இருக்கும் எந்தக் கூண்டிலிருந்து பார்த்தாலும் 45. அவள் விரலால் எண்ணிக்கொண்டே நின்றாள்.

"அப்ப 14 தள்ளி இருந்தால் எல்லாருக்கும் 90 தானே?"

28இல் பாதி 14, அதுதான் அரைவட்டக் கோணம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள்: "அந்த ஏழுக்கு நடுவில மாட்டின கூண்டுக்கு?"

180இல் 45 போக 135 என்றேன். அந்த மாதிரிச் சிறிய வில்லில் நான் நின்றிருக்கிறேன் என்றும் சொன்னேன். வீடு வரும்வரை சேரைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள்.