பனையோலைத் தொப்பியும் ஒரு பதிவுச் சான்றிதழும்

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. ஆத்திரம்தான் இன்னும் ஆறவில்லை. திருகோணமலையில் ஓலைக் கைப்பணியைத் தொழிலாகப் பதியப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சம்பூரில் என் பெரியம்மா பின்னும் தொப்பிகளை நிலாவெளியில் ஒரு விடுதி கேட்டது. பதிவு இருந்தால்தான் காசோலை தருவோம் என்றார்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒரே காலையில் கிடைத்தது. பதிவு அலுவலகத்தில்தான் வினை. தொழில் நடக்கும் இடத்தின் காணி உறுதியைக் கேட்டார்கள். 2006இல் போரால் சம்பூரே இடம்பெயர்ந்தபோது பெரியம்மா கையில் எடுத்து வந்தது பிள்ளைகளை மட்டும்தான். அதைச் சொன்னேன். "உறுதி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது தங்கச்சி" என்று கோப்பை மூடிவிட்டார் எழுதுவினைஞர். எத்தனை தடவை போனாலும் அதே பதில்.

கடைசியில் அடுத்த மேசையில் இருந்த அக்காதான் வழி சொன்னார். பின்னல் சம்பூரில் நடந்தாலும், அளவு பார்த்துப் பட்டி தைப்பது உப்புவெளியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில். அந்த முகவரியில் பதியலாம். வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் போதும். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்!

அதோடும் முடியவில்லை. தொழிலின் தன்மை என்ற இடத்தில் 'தொப்பி வியாபாரம்' என்று எழுதப் பார்த்தார்கள். நான் விடவில்லை. வாங்கி விற்பவர் என்று பதிந்துவிட்டால், பிறகு கைப்பணியாளர் என்று எங்கே போய் உதவி கேட்பது? 1978 முதல் பனைக்கென்றே ஒரு அபிவிருத்திச் சபை இருக்கும் நாட்டில், 'பனையோலைக் கைப்பணி உற்பத்தி' என்று எழுதுவிக்க வாதாட வேண்டியிருந்தது. எழுதுவித்தேன்.

தொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு பெரியம்மா கையளவில் பின்னுவார்; ஒன்று இறுகும், ஒன்று கழன்று விழும். தச்சரிடம் 56, 58, 60 சென்றிமீற்றர் சுற்றளவில் மரத் தலைகள் செய்வித்தோம். சார்வோலையை, அதாவது இளம் பனையோலையை, ஈரத்துணியில் சுற்றி வைத்து, உச்சியில் தொடங்கி அந்த மரத் தலையின் மேலேயே பின்னி இறக்குகிறார். உள்ளே கூட்டிக் குறைக்கும் பருத்திப் பட்டி, கடற்காற்றில் பறக்காமலிருக்க நாடிக்குக் கீழே கட்டும் கயிறு. விளிம்பு ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்ததால் இப்போது தொங்குவதில்லை.

அலைச்சலில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காயாத ஓலையில் பூஞ்சணம் படர்ந்து ஒரு கட்டு முழுவதும் வீணாயிற்று. விடுதிக்காரர் நல்லவர், அடுத்த மே மாதத்துக்கு வாங்கிக்கொள்வதாக எழுதியே தந்திருக்கிறார். நீங்கள் பதிவுக்கு அலையத் தொடங்கும் முன் ஓலையைக் காயவைத்துக் கட்டி வைத்துவிடுங்கள். படிவத்தில் தொழிலின் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.