கொடிமலையில் கண்ட ‘காய்ந்த இலை’

2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பினாங்குக் கொடிமலையில், நேற்று அதிகாலை விளக்குத் தூணில் ஒட்டியிருந்த காய்ந்த இலையைத் தட்டிவிடக் கை நீட்டிய என் அக்கா, அதற்குக் கால்கள் இருப்பதைக் கண்டு சட்டென நின்றுவிட்டார். பழுப்பு முன்னிறகின் குறுக்கே இலையின் நடுநரம்பைப் போலவே ஒரு கோடு ஓடியது. புழு அரித்த இலைக்குரிய வளைவுகூட ஓரத்தில் இருந்தது. அது பழந்துளைக்கும் அந்துப்பூச்சி. இரவில் உறுதியான உறிஞ்சுகுழலால் பழத்தோலைத் துளைத்துச் சாறு குடிக்கும் இதனைத் தோட்டக்காரர்கள் வெறுப்பதில் நியாயம் உண்டு என்றாலும், அந்த அழகின்முன் எனக்குக் கோபம் வரவில்லை. சற்று நெருங்கியதும் இறகு விரிந்து, உள்ளே ஒளிந்திருந்த ஆரஞ்சுப் பின்னிறகு கரும்பட்டையோடு ஒரு கணம் பளிச்சிட்டது. அடுத்த நொடி அது சருகுகளுக்குள் இறங்கிவிட, வெகுநேரம் தேடியும் எங்கள் கண்ணுக்கு அகப்படவில்லை.