பதிப்பெண்ணும் பதிவும்: ஒரு பில்டுப் பொறியாளரின் நாட்குறிப்பு

4 மார்ச் 2024, திங்கள்

வாடிக்கையாளர் ஒருவரின் சேவையகத்தில் எங்கள் மென்பொருளின் 2.8.0 பதிப்பு, மாதக் கடைசிக் கணக்கை முடிக்கும்போது தேதி ஒன்றைப் படிக்க இயலாமல் நின்றுவிட்டது. அதே 2.8.0, எங்கள் சோதனைக் குழுவின் கணினியில், அதே தரவை எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. காலை முழுவதும் இரு பக்கத்து அமைப்புக் கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிற்பகலில்தான் இரண்டு ஜார் கோப்புகளுக்கும் (ஜாவா நிரலைப் பொதிந்து தரும் கோப்புகள்) ஷா-256 செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், எடுத்துப் பார்க்கத் தோன்றியது. இரண்டும் வேறு வேறு. பெயர் ஒன்று, உள்ளே மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் எழுதியிருக்கும் எண் ஒன்று, கோப்புகள் மட்டும் இரண்டு.

பதினொரு வருடங்களாக இந்த வேலையைப் பார்க்கிறவள் முதலில் செக்சத்தை அல்லவா பார்த்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்கிறேன்.

5 மார்ச், செவ்வாய்

மூல நிரலில் 2.8.0 எனப் பெயரிட்டுக் குறித்த இடமான டேகின் மேல், நிரலைக் கோப்பாகக் கட்டும் பில்டு இரண்டு முறை ஓடியிருக்கிறது: பிப்ரவரி 27 அன்று ஒரு முறை, பதிவேற்றம் பாதியில் நின்றதால் 29 அன்று மறுபடியும். முதலாவது சோதனைக் குழுவுக்கும் இரண்டாவது வாடிக்கையாளருக்கும் போயிருக்கின்றன. ஒரே டேக், ஒரே கமிட் (மூல நிரலின் சேமித்த ஒரு நிலை) என்றால் ஏன் வேறுபட்டன என்பதை அறிய இரண்டு ஓட்டங்களின் பதிவுகளையும் (ஓடும்போது கருவிகள் எழுதிவைக்கும் லாக் வரிகள்) திறந்தேன். இரண்டுமே 4 மெகாபைட் அளவில் வெட்டுப்பட்டிருந்தன. எங்கள் பில்டுச் சேவையகம் அதற்கு மேல் எழுதுவதில்லை. எங்கள் நிரல் நம்பியிருக்கும் எந்தச் சார்பு நூலகத்தின் எந்தப் பதிப்பு உள்ளே சென்றது என்று சொல்லும் பகுதி வெட்டுக்கு அப்பால் போய்விட்டது.

அந்த 4 மெகாபைட்டில் இருந்தது என்ன என்று பார்த்தால், பில்டை ஓட்டும் கருவியான மேவன் கோப்புகளை இறக்கும்போது எழுதும் முன்னேற்ற வரிகள் ஒரு பங்கு, பிழைதிருத்த நிலையை இயக்கும் 'எக்ஸ்' விருப்பக்குறி கொட்டிய வரிகள் மீதிப் பங்கு. அந்தக் குறியைச் சேர்த்தது யார் என்று மூல நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் கருவியின் வரலாற்றில் தேடினேன். சென்ற நவம்பரில், வேறொரு சிக்கலைத் தேடுவதற்காக, 'தற்காலிகம்' என்ற குறிப்புடன் நானே சேர்த்திருக்கிறேன்.

வரிகள் எதிலும் நேரமும் இல்லை. மேவன் 2013இல் வெளிவந்த 3.1 பதிப்பிலிருந்து எஸ்.எல்.எஃப்.4ஜே என்ற பதிவு நூலகத்தின் வழியாகத்தான் தன் பதிவுகளை எழுதுகிறது. எனவே அதன் லாகிங் கோப்புறையில் இருக்கும் சிம்பிள்லாகர் அமைப்பில் ஒரு வரியை மாற்றினாலே ஒவ்வொரு வரியின் தலையிலும் நேரம் வந்துவிடும். முன்னேற்ற வரிகளை நிறுத்தும் விருப்பக்குறியும் 3.6.1 முதல் இருக்கிறது. இரண்டையும் செய்தேன், 'எக்ஸ்' குறியையும் நீக்கினேன். அடுத்த பில்டின் பதிவு 190 கிலோபைட்டில் முடிந்தது.

7 மார்ச், வியாழன்

எங்கள் தொகுப்புக் கருவி ஒன்று மட்டும் மேவனுக்குப் பதிலாகக் கிரேடில் என்ற பில்டுக் கருவியில் இருக்கிறது. அதன் பதிவு நிலைகளையும் இன்று ஒழுங்குபடுத்தினேன். கிரேடிலில் ஆறு நிலைகள்: எரர், குவயட், வார்னிங், லைஃப்சைக்கிள், இன்ஃபோ, டீபக். 'குவயட்' என்பது மௌனத்தைக் குறிக்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், எச்சரிக்கைகளைக்கூட அடக்கிய பிறகும் கட்டாயம் சொல்லியாக வேண்டிய செய்திக்கான நிலை அது. பதிப்பெண்ணை அறிவிக்கும் வரிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பதால், பில்டு முடியும்போது எண்ணையும் செக்சத்தையும் அந்த நிலையில் எழுதச் செய்தேன். யார் எந்த விருப்பக்குறியுடன் ஓட்டினாலும் அந்த வரி நிற்கும்.

டீபக் நிலை இரகசியங்களை வெளிக்காட்டக்கூடும் என்று கிரேடிலின் ஆவணமே எச்சரிக்கிறது. பழைய பதிவுகளில் தேடியபோது, நாங்களே எழுதிய பிளக்கின் (கூடுதல் செருகு நிரல்) ஒன்று, கட்டிய கோப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்தின் கடவுச்சொல்லைப் பேஸ்-64 என்ற, எளிதில் திருப்பிப் படிக்கக்கூடிய வடிவில் அச்சிட்டிருந்தது தெரிந்தது. சேவையகம் கடவுச்சொற்களை நட்சத்திரக் குறிகளால் மறைக்கிறதே என்று நம்பியிருந்தோம். அது மறைப்பது எழுத்துக்கு எழுத்து அதே வடிவில் வருவதை மட்டுமே. கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம்.

11 மார்ச், திங்கள்

காரணம் கிடைத்தது. இரண்டு ஜார்களையும் விரித்து, உள்ளே இருக்கும் நூலகங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில் ஒன்றே ஒன்று வேறுபட்டது: நாங்களே எழுதிய தேதி நூலகம். அதை 1.4.0-ஸ்னாப்ஷாட் என்ற பெயரில் சார்ந்திருந்தோம்.

ஸ்னாப்ஷாட் என்பது மேவனில் 'இன்னும் முடியாத வேலை' என்பதன் பெயர். களஞ்சியத்துக்குள் போகும்போது அது 1.4.0-20240228.134507-12 என்பது போல, உலகப் பொது நேரத்தில் எழுதிய தேதியும் மணியும், கடைசியில் ஒரு வரிசை எண்ணும் கொண்ட பெயராக மாறுகிறது. கேட்பவருக்கு எப்போதும் அவற்றில் புதியது கொடுக்கப்படும். புதியது இருக்கிறதா என்று மேவன் இயல்பாக நாளுக்கு ஒரு முறை பார்க்கும். ஒவ்வொரு முறையும் பார் என்று வற்புறுத்தவும் வழி உண்டு. பிப்ரவரி 28 அன்று அந்த நூலகத்தில் ஒருவர் தேதியைக் கண்டிப்பாகச் சோதிக்கும் முறைக்கு மாற்றியிருக்கிறார். ஜாவாவின் கண்டிப்பான முறையில் ஆண்டைக் குறிக்க 'யு' என்ற எழுத்தை நான்கு முறை எழுத வேண்டும். 'ஒய்' என எழுதினால் அது சகாப்தத்தையும் (கி.மு.வா கி.பி.யா என்பதை) சேர்த்துக் கேட்கும், கிடைக்காவிட்டால் பிழை தரும். மாதக் கடைசிக் கணக்கு மட்டுமே அந்த வழியாகப் போகிறது. எனவே 27இல் பிறந்த 2.8.0 நல்லது, 29இல் பிறந்த 2.8.0 கெட்டது.

ஸ்னாப்ஷாட்டைச் சார்ந்த ஒன்றை வெளியீடாக்க மேவனின் ரிலீஸ் பிளக்கின் ஒப்புக்கொள்ளாது. நாங்கள் அதைப் பயன்படுத்தாமல், அது மெதுவாக இருக்கிறது என்று சொல்லி, எண்ணைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தோம். இன்று என்ஃபோர்சர் பிளக்கினில், வெளியிடப்பட்ட சார்புகளை மட்டுமே அனுமதிக்கும் விதியைச் சேர்த்தேன். ஏற்கெனவே வெளியான எண்ணின் மேல் மறுபடியும் எழுதுவதை எங்கள் களஞ்சியம் அனுமதித்திருந்ததே இரண்டாவது கோப்பு முதலாவதை ஓசையின்றி அழித்ததற்குக் காரணம். பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல் அதை ஒருபோதும் அனுமதிப்பதில்லை. ஒரு முறை ஏறியது ஏறியதுதான். எங்கள் களஞ்சியத்திலும் இனி அப்படியே.

12 மார்ச், செவ்வாய்

2.9க்குப் பிறகு 2.10 வரப்போகிறது என்பதால் இன்று ஒரு சிறு வேலை. நிறுவும் ஸ்கிரிப்ட் பதிப்பெண்களை எழுத்துச் சரங்களாக வரிசைப்படுத்துகிறது. அதன் கணக்கில் 2.10, 2.9க்கு முந்தையது. யாமல் வடிவிலான அமைப்புக் கோப்பு ஒன்றில் மேற்கோள் குறியில்லாமல் எழுதியிருந்த எண்ணோ, 2.10 ஆனதும் தசம எண்ணாகப் படிக்கப்பட்டு 2.1 ஆகிவிடும். இரண்டையும் திருத்தினேன். மேவனின் ஒப்பீட்டு விதி இதில் தெளிவானது: ஆல்பா, பீட்டா, மைல்ஸ்டோன், ஆர்.சி., அதற்கு மேல் ஸ்னாப்ஷாட், அதற்கு மேல்தான் ஒட்டு எதுவும் இல்லாத எண். வெளியீட்டு முன்னோட்டமான ஆர்.சி.யைவிட ஸ்னாப்ஷாட் பெரியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது.

14 மார்ச், வியாழன்

இரண்டு கோப்புகளின் மேனிஃபெஸ்டிலும் வெறும் 2.8.0 என்று மட்டும் இருந்தது ஏன் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அங்கே 'கிட் டிஸ்கிரைப்' தரும் விடை இருக்க வேண்டும்: அருகிலுள்ள டேக், அதற்குப் பிறகு எத்தனை கமிட்டுகள், கமிட்டின் சுருக்க அடையாளம் என மூன்றையும் சேர்த்து அது சொல்லும். சரியாக டேகின் மேலேயே நின்றால் டேகின் பெயரை மட்டும் சொல்லும் என்பதால், முழு வடிவைக் கேட்கும் விருப்பக்குறியை முன்பே சேர்த்திருந்தோம். ஆனாலும் அடையாளம் வரவில்லை.

வேகத்துக்காகச் சேவையகம் கடைசிக் கமிட்டை மட்டும் ஆழமில்லாமல் இறக்குகிறது, டேகுகள் வருவதில்லை. சொல்ல எந்தப் பெயரும் கிடைக்கவில்லை என்று கிட் பிழையுடன் வெளியேறுகிறது. எங்கள் ஸ்கிரிப்ட் அந்தப் பிழையை விழுங்கிவிட்டு, மேவனின் திட்ட விவரக் கோப்பான பாம் கோப்பில் இருக்கும் எண்ணை எடுத்து எழுதிவிடுகிறது. எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார், பில்டு நிற்கக் கூடாதல்லவா. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதும் மாற்று மதிப்பைவிட, நின்றுபோன பில்டு எவ்வளவோ மேல். மாற்று மதிப்பை எடுத்துவிட்டேன். அடையாளம் கிடைக்காவிட்டால் பில்டு தோற்கும். முழு வரலாற்றையும் இறக்கச் செய்ததில் பில்டு சில நொடிகள் நீள்கிறது.

மாலையில் குழுவின் இளைய பொறியாளர் வந்து, "அக்கா, என் டேகை மட்டும் அது கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறதே" என்றார். அவர் போட்டிருந்தது குறிப்பில்லாத இலகுவான டேக். தனியாகக் கேட்காவிட்டால் கிட் டிஸ்கிரைப் குறிப்புடன் கூடிய டேகுகளை மட்டுமே எண்ணிக்கொள்ளும். அது நல்லதுதான் என்று தோன்றுகிறது. வெளியீட்டுக்கு யார், எப்போது, ஏன் டேக் போட்டார் என்பது அதிலேயே இருக்கும்.

19 மார்ச், செவ்வாய்

ஸ்னாப்ஷாட்டை ஒழித்த பிறகும், ஒரே கமிட்டை இரண்டு முறை கட்டினால் செக்சம் ஒத்துவரவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின், ஒரே மூலத்திலிருந்து எப்போதும் ஒரே கோப்பைப் பெற முயலும் மறுஉருவாக்கப் பில்டு முயற்சியிலிருந்து வந்த டிஃபோஸ்கோப் என்ற கருவியால் இரண்டையும் ஒப்பிட்டேன். வேறுபாடு முழுவதும் நேர முத்திரைகளில்தான். ஜார் என்பது ஜிப் கோப்பு. அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் கட்டிய நேரம் எழுதப்படுகிறது. ஜிப்பின் பழைய நேர வடிவம் 1980இல் தொடங்கி இரண்டு இரண்டு நொடிகளாக நகர்வது. அந்த வடிவம் இன்னும் நம்மோடு இருக்கிறது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

மேவனில் வெளியீட்டு நேர முத்திரைக்கென ஒரு பண்பு உண்டு. அதில் கமிட்டின் நேரத்தை வைத்தேன். சோர்ஸ் டேட் எபக் என்ற சூழல் மாறியைப் பிற கருவிகள் பயன்படுத்துவதும் இதே நோக்கத்துக்குத்தான். மாலை ஆறு மணிக்கு, இரண்டு வெவ்வேறு கணினிகளில் கட்டிய கோப்புகள் ஒரே செக்சத்தைத் தந்தன. அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது முறைகள் மகிழ்ச்சிக்காக மட்டுமே.

21 மார்ச், வியாழன்

பதிவு சிறிதானதால் எச்சரிக்கைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சோதனைகள் ஓடும் பகுதியில், எஸ்.எல்.எஃப்.4ஜே-வுக்கு, பதிவை உண்மையில் எழுதித்தரும் பின்னணி நூலகம் எதுவும் கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறது. எத்தனை மாதங்களாக என்று தெரியவில்லை. எஸ்.எல்.எஃப்.4ஜே 2.0, தன் பின்னணியை ஜாவாவின் சர்வீஸ்லோடர் மூலம் தேடுகிறது, 1.7 வரை இருந்த முறை வேறு. நாங்கள் பின்னணியாக வைத்திருக்கும் லாக்பேக் நூலகத்தின் 1.2 பழைய முறைக்கானது, 1.3 முதல் புதிய முறைக்கானது. நாங்கள் முன்னதை உயர்த்திவிட்டுப் பின்னதை அப்படியே விட்டிருந்தோம். விளைவு, சோதனைகளின் பதிவுகள் எங்கும் எழுதப்படாமல் மறைந்துகொண்டிருந்தன. பதிவு நூலகத்தின் பதிப்பெண் தவறியதால் பதிவே இல்லாமல் போனது.

2021 டிசம்பர் நினைவுக்கு வந்தது. லாக்4ஜே என்ற மற்றொரு ஜாவா பதிவு நூலகத்தின் அந்தப் பெரும் பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என நான்கு வெளியீடுகள் அந்த ஒரே மாதத்தில் வந்தன. உயர்த்துவது கடினமாக இருக்கவில்லை. எங்கே எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. பிற ஜார்களுக்குள் பெயர் மாற்றிப் பொதிந்து வைத்திருந்தவை சார்பு மரத்தில் தெரியவே இல்லை.

30 மார்ச், சனி

விடுமுறை நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். எக்ஸ்.இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (இரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி) இருக்கிறது என்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நேற்று அறிவித்திருக்கிறார். தொலைக் கணினிக்குள் போக உதவும் எஸ்.எஸ்.ஹெச். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். பில்டு வேலை செய்பவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய பகுதி ஒன்று அதில் உண்டு: தீங்கைத் தூண்டும் பில்டு வரி கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகத் தரப்பட்ட தார் தொகுப்பில் மட்டும் இருந்தது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்தில் கிடந்தவற்றை அந்த வரி விரித்து எடுத்துக்கொண்டது. 5.6.1 என்ற டேகும் 5.6.1 என்ற தொகுப்பும் ஒன்றல்ல.

டெபியன் நல்ல பதிப்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் தொகுப்பு மேலாளர் பின்னோக்கிப் போகாது என்பதால், 5.6.1 என்று தொடங்கி, கூட்டல் குறியும் 'ரியலி' என்ற சொல்லும் சேர்த்து, பிறகு 5.4.5 என்று முடியும் எண்ணை இட்டிருக்கிறார்கள். 'உண்மையில் 5.4.5' என்று எண்ணே ஒப்புக்கொள்கிறது.

எங்கள் பில்டுக்கான அடிப்படைப் படிமம் (பில்டு ஓடும் ஆயத்த இயங்குதள நகல்) டெபியன் 12. அதில் இருப்பது 5.4.1, எனவே பாதிப்பில்லை. ஆனால் அதை அறிய, படிமத்தை இயக்கி உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. மேவன், ஜாவா, படிமத்தின் செக்சம், நிறுவப்பட்ட தொகுப்புகளின் பட்டியல் ஆகியவற்றைப் பில்டின் தொடக்கத்திலேயே தனிக் கோப்பாக எழுதி, ஜார் கோப்புக்கு அருகில் வைக்கும்படி செய்துவிட்டேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

2.8.1 வெளியானது. சரியான 2.8.0 ஐயே மறுபடியும் அனுப்பினால் போதாதா என்று விற்பனைப் பிரிவில் கேட்டார்கள். அந்த எண்ணை இரண்டு கோப்புகள் ஏற்கெனவே சுமந்துவிட்டன, மூன்றாவதற்கு அதில் இடமில்லை என்றேன். வாடிக்கையாளர் நிறுவியபின் அனுப்பிய செக்சம், எங்கள் பதிவின் கடைசி வரியோடு பொருந்தியது. மாதக் கடைசிக் கணக்கும் முடிந்தது.

சென்ற ஆண்டின் 2.7.3இலும் இதே குழப்பம் நடந்திருக்குமா என்று பார்க்கப் போனேன். சேவையகம் 30 நாட்களுக்கு மேற்பட்ட பதிவுகளை அழித்துவிடுகிறது. வெளியீட்டுப் பில்டுகளின் பதிவுகளை மட்டும், அந்த வெளியீடு வாடிக்கையாளர் எவரிடமாவது இருக்கும் வரை வைத்திருக்க வேண்டும் என்று கோரிக்கை எழுதி அனுப்பியிருக்கிறேன். நாளை அதற்கான சேமிப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். ஒன்றுக்கு 190 கிலோபைட் என்றால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.