தோராயத்திலிருந்து வந்த 2

வாய்மொழித் தேர்வில் அந்த மாணவி, கோள்கள் சூரியனைக் குவியமாகக் கொண்ட நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்ற கெப்ளரின் முதல் விதியிலிருந்து, ஈர்ப்பு விசை தூரத்தின் 2-ஆம் அடுக்குக்கு எதிர்த்தகவில் இருக்கும் என்ற எதிர் இருமடி விதியைத் தருவிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். "சார், பாதை நீள்வட்டம் என்பதே தோராயம்தானே? அதிலிருந்து அடுக்கு மட்டும் சரியாக 2 என்று எப்படி வரும்?"

"முதலில் கணக்கை முடித்துவிடம்மா" என்றேன். அவர் முடிக்கவில்லை. வெளித்தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார், நானும் கையெழுத்திட்டேன்.

அது சில்லறைக் கேள்வி அல்ல. செவ்வாயின் பாதையைக் கரும்பலகையில் 1 மீட்டர் நீளத்துக்கு வரைந்தால், அகலம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான் குறையும். சாக்பீஸ் கோட்டின் தடிமனிலேயே அது மறைந்துவிடும். விசை அந்த நீள்வட்டத்தின் குவியத்தை நோக்கி இருந்தால் தூரத்தின் இருமடிக்கு எதிர்த்தகவு. மையத்தை நோக்கி இருந்தால் தூரத்துக்கு நேர்த்தகவு. நியூட்டனின் பிரின்சிபியா நூலின் முதல் புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்தே நிறுவப்படுகின்றன. வடிவம் மட்டும் ஏறத்தாழத் தெரிந்தால், விசை விதி ஏறத்தாழக்கூடக் கிடைக்காது.

நியூட்டன் இதை உணர்ந்தே இருந்தார் என்று நினைக்கிறேன். மூன்றாம் புத்தகத்தில் கோள்களுக்கு 2 என்று நிறுவும்போது அவர் நீள்வட்டத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. சுற்றுக்காலத்தையும் தூரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியைச் சொல்லிவிட்டு, இன்னும் துல்லியமான சான்றாகச் சேய்மைப் புள்ளியைக் காட்டுகிறார். கோள் சூரியனை விட்டு மிகத் தொலைவில் நிற்கும் அந்த இடம், அடுக்கு 2-ஐ விட்டுச் சற்று விலகினாலும் சுற்றுக்குச் சுற்று நகர்ந்துகொண்டே போகும். அது ஏறத்தாழ அசையவில்லை என்றால் அடுக்கும் ஏறத்தாழ 2. தோராயத்திலிருந்து தோராயத்துக்கு நேர்மையாகப் போகும் இந்த அனுமானத்தைவிட அழகான ஒன்றை இயற்பியலில் நான் கற்பித்ததில்லை. பூமியைச் சுற்றும் நிலவுக்கு அந்த நகர்வு சுற்றுக்கு 3 பாகை. அதற்கு 2-உடன் 4/243 கூடிய அடுக்கு வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த மிச்சத்தைச் சூரியனின் ஈர்ப்புக்கு விட்டார்.

வெளியே மாணவர்கள் காத்திருக்கும்போது இதையெல்லாம் சொல்ல முடியாது. தவிர, பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளேரோ என் பக்கம் நிற்கிறார். நிலவின் கணக்கில் பாதி நகர்வே கிடைத்ததால் 1747-இல் அவர் விதியையே திருத்தப் பார்த்தார். விட்டுவிட்ட சிறு உறுப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டதும், 1749-இல் பழைய விதியே சரியென்று திரும்பினார். கணக்கை முடி என்றது சரிதானே?

ஆனால் புதன் இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே மற்றக் கோள்களின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கை முடித்த பிறகும், 1859-இல் அதன் பாதையின் நகர்வில் நூற்றாண்டுக்கு 38 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) மிஞ்சியது. அந்த மிச்சத்தை விளக்க, 1894-இல் அமெரிக்க வானியலாளர் ஆசாஃப் ஹால் அடுக்கை 2.00000016 ஆக்கிப் பார்த்தார். 1915-இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலோடு வந்தபின் "சரியாக 2" என்பதே நிற்கவில்லை. மாணவி கைவைத்தது அந்த இடத்தில்தான். கணக்கை முடிக்காதவர்களுக்கு அந்த 38 விகலை தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

தருவிக்காத தருவிப்புக்கு எப்படி மதிப்பெண் போடுவது? இன்றும் கையெழுத்திடத்தான் செய்வேன் என்று தோன்றுகிறது. அப்படி ஒரு கேள்விக்கு மதிப்பெண் தாளில் இடமே இல்லாததுதான் உறுத்துகிறது. நீள்வட்டத்துக்குப் பதிலாகச் சேய்மைப் புள்ளியை வைத்து வினாவை மாற்றலாமா என்று துறையில் கேட்டிருக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லை என்கிறார்கள்.