ஆற்றல் சான்றிதழ்: சோலாரை அப்புறம் பார்க்கலாம், முதலில் பரப்பளவும் மீட்டரும்

தென்னாப்பிரிக்காவில் கட்டடம் வைத்திருப்பவர் காதில் 'ஈபிசி' என்ற சொல் விழுந்ததும் அவர் சோலார் விற்பவரைக் கூப்பிடுகிறார். ஈபிசி என்றால் கட்டடம் எவ்வளவு ஆற்றல் தின்கிறது என்று தரம் போட்டுக் காட்டும் சான்றிதழ், பெரிய கட்டடங்களுக்குக் கட்டாயம். சோலார் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் தெரிய வேண்டியது, உங்கள் கட்டடம் இந்த விதிக்குள் வருகிறதா என்பதுதான்.

2008ஆம் ஆண்டின் தேசிய ஆற்றல் சட்டத்தின் கீழ் 2020 டிசம்பர் 8 அன்று விதி அரசிதழில் வந்தது. முதல் கெடு 2022 டிசம்பர் 7. பிறகு 2025 டிசம்பர் 7 வரை தள்ளினார்கள். தனியார் கட்டடம் என்றால் 2,000 சதுர மீட்டருக்கு மேல், அரசுக் கட்டடம் என்றால் 1,000க்கு மேல். குறைந்தது இரண்டு ஆண்டாவது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். ஆபீஸ் (ஜி1), பொதுக்கூட்டமும் கேளிக்கையும் (ஏ1), நாடக அரங்கும் உள்ளரங்க விளையாட்டும் (ஏ2), கல்வி (ஏ3) என நான்கே வகை. வழிபாட்டிடம் ஏ4, அது பட்டியலில் இல்லை. ஆகவே டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ டொங்காட்டிலோ உள்ள கோயிலுக்குக் கவலையில்லை. ஆனால் அதே வளாகத்தில் தனியாக நிற்கும் பெரிய கல்யாண மண்டபம் ஏ1 ஆகலாம். நிர்வாகக் குழு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் என்ன வகை எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும்.

கராஜ், கார் நிறுத்துமிடம், கிடங்கு மூன்றும் பரப்பளவில் சேராது. மொத்தம் 2,450 சதுர மீட்டர் உள்ள ஆபீசில் பார்க்கிங் 400, கிடங்கு 80 என்றால் மிஞ்சுவது 1,970. சான்றிதழே கட்டாயமில்லை! வரம்புக்கு மேலே உள்ளவர்களுக்கோ இதே கணக்கு எதிர்ப்பக்கம் வெட்டும். ஆண்டுக்கு 4,20,000 யூனிட் ஓடும் கட்டடத்தை 2,600 சதுர மீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு சுமார் 162 யூனிட். பார்க்கிங் 500ஐக் கழித்து 2,100ஆல் வகுத்தால் 200. இந்த எண் ஏறினால் சான்றிதழில் தரம் இறங்கும். வாடகை ஒப்பந்தத்தில் உள்ள பரப்பை நம்பிப் போனவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பார்க்கிங் விளக்குக்கும் அடித்தளக் காற்றாடிக்கும் தனி மீட்டர் வையுங்கள். இல்லையென்றால் அந்தச் சுமையும் ஆபீஸ் தலையில்தான்.

அடுத்தது தொடர்ச்சியான 12 மாத மின்கணக்கு. பில்லில் மதிப்பீட்டு ரீடிங் இருந்தால் கணக்கே சாயும். மாதாமாதம் ஒரே தேதியில் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். உள்மீட்டர் போடும்போது தவறுவது பெரும்பாலும் சீடியில், அதாவது பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் வளையத்தில். 400/5 சீடியை மீட்டரில் 200/5 என்று பதிந்தால் பாதிதான் காட்டும். மூன்றில் ஒன்றைத் திருப்பி மாட்டினால், மூன்று ஃபேஸிலும் சமச்சுமை இருக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். கட்டடம் திடீரென்று சிக்கனமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம்.

லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரம் நிறுத்துவது) நேரத்தில் ஓடும் ஜெனரேட்டரும் கணக்கில் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல். மின்சாரமாகக் கையில் கிடைப்பது மூன்று யூனிட் போலத்தான், ஆனால் கணக்கில் ஏறுவது டீசலின் முழு ஆற்றல். 6,000 லிட்டர் எரித்தால் 60,000 யூனிட், மேலே சொன்ன 2,100 சதுர மீட்டரில் சதுர மீட்டருக்கு 28க்கு மேல். டீசல் ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

குறைக்கும் வழிகளில் மலிவானது இரவுச் சுமையைப் பிடிப்பது. இரவு 7க்கும் காலை 6க்கும் மீட்டரைப் படியுங்கள். காரணமில்லாமல் 10 கிலோவாட் ஓடினால், 11 மணி நேரம், 365 இரவு: ஆண்டுக்கு 40,150 யூனிட். அதே கட்டடத்தில் சதுர மீட்டருக்கு 19. யார் குற்றவாளி? பெரும்பாலும் கீசர், டீத்தண்ணீர் பாய்லர், நிறுத்தாத ஏசி காற்றாடி, 18 டிகிரியில் வைத்த சர்வர் அறை. டைமர் போட்டால் முக்கால்வாசி தீரும்.

ஒரு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரிய ஏசியின் மெயின் ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சை) இரவில் இறக்காதீர்கள். கம்ப்ரெசரின் அடியில் உள்ள சிறு ஹீட்டர், குளிரூட்டித் திரவம் எண்ணெயில் கலக்காமல் காக்கிறது. அது அணைந்தபின் காலையில் உடனே ஓட்டினால் எண்ணெய் நுரைத்து மசகு போய் கம்ப்ரெசர் கெடும். மிச்சம் பிடித்த காசெல்லாம் அந்தப் பழுதிலேயே போய்விடும். கட்டுப்பாட்டுப் பலகையில் ஆஃப் செய்யுங்கள், மின்சாரத்தை விட்டுவையுங்கள்.

காற்றாடி வேகத்தை இருபது சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். வேகமாற்றி டிரைவுக்கு அது போதுமான காரணம். டர்பன் கடற்கரையில் ஏசியின் வெளிப்புறக் காயிலில் உப்பு படிந்து துடுப்புகளை அரிக்கும், நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். எல்இடி குழாய் மாற்றும்போது பழைய சோக்கைச் சுற்றிலேயே விடுவது பரவலான சோம்பல், அதுவும் கொஞ்சம் தின்னும்.

சான்றிதழை சான்ஸ் 1544 என்ற தேசியத் தரப்படி, சனாஸ் என்ற தேசிய அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனம் தருகிறது, பதிவு சனேடி என்ற தேசிய ஆற்றல் மேம்பாட்டு நிறுவனத்திடம். ஐந்தாண்டு செல்லும், வாசலில் மாட்ட வேண்டும். ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசமானது) வரை தரம், நடுவில் உள்ள டிதான் ஒப்பிடும் அளவுகோல். ஜி வந்தாலும் குற்றமில்லை. சான்றிதழே இல்லாததுதான் குற்றம், அதற்கு 50 லட்சம் ராண்ட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே எல்லாம் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆய்வாளர் வரும் நாளில் பரப்பளவு வரைபடம், 12 மாத பில், டீசல் ரசீது, எந்தத் தளம் எந்த மாதம் காலி என்ற குறிப்பு, இந்த நான்கும் மேசையில் இருக்கட்டும்.