28 என்று எழுதி அரியர் வைத்த கதை

எம்.ஏ. பொருளாதாரத்தில் எனக்கு அரியர் விழுந்த ஒரே பேப்பர் சுற்றுச்சூழல் பொருளாதாரம். கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும்போது எதை எப்போது குறைப்பது சிக்கனம் என்பது 15 மதிப்பெண் கேள்வி. ஒரு டன் மீத்தேன் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று எழுதி, அதை வெளியிடுவதற்கான விலையையும் 28 மடங்காக வைத்து, அழகாக இரண்டு படம் போட்டேன். கிடைத்தது 4.

28 தப்பான எண் இல்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கையில் உள்ள 100 ஆண்டுக் கணக்கு அது; அதாவது, 100 ஆண்டில் இரண்டு வாயுவும் எவ்வளவு வெப்பம் சேர்க்கும் என்ற ஒப்பீடு. அதே அறிக்கையில் 20 ஆண்டுக் கணக்கு 84. ஒரே வாயுவுக்கு இரண்டு எண் இருக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விஷயம் புரிந்தது கால்குலேட்டரில். மீத்தேன் காற்றில் தங்குவது சராசரியாக 12 ஆண்டு. இன்று 100 கிலோ விட்டால் 12 ஆண்டில் 37 கிலோ மிஞ்சும், 24-இல் 13.5, 50-இல் ஒன்றரை. கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பங்கு நூற்றாண்டுகள் தாண்டியும் கிடக்கும். ஒன்று ஓட்டைத் தொட்டி, மற்றது ஏறக்குறைய அடைபட்ட தொட்டி.

இப்போது கேள்விக்கு வாருங்கள். 2100-இல் வெப்பம் ஓர் அளவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் இலக்கு என்றால், இன்று குறைக்கும் மீத்தேனுக்கு மதிப்பு குறைவு. கெடு நெருங்க நெருங்கத்தான் கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்ட அதன் விலை ஏறும். 2001-இல் நேச்சர் இதழில் மேன், ரிச்செல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான். ஆண்டுதோறும் நேரும் சேதத்தையும் கணக்கில் எடுத்தால் கதை மாறும்: மீத்தேனுக்கு இன்றே நல்ல விலை உண்டு, தள்ளுபடி வீதம் (வருங்காலச் சேதத்தை இன்றைய மதிப்பில் குறைத்துக் கணக்கிடும் வீதம்) கூடினால் அதன் கை இன்னும் ஓங்கும். ஆகவே எந்த இலக்கு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

அப்புறம், மாசுகளைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. காற்று சுத்தமாகும், சரி. ஆனால் வெயிலை மறைத்துக் குளிர்வித்த கந்தகத் துகளும் குறையும். நிலக்கரி உலையை மூடினால் கந்தகமும் கார்பனும் சேர்ந்தே குறையும். புகைபோக்கியில் கந்தக வடிகட்டி மாட்டினால் கந்தகம் மட்டும்தான் குறையும், அந்தக் கருவியே கொஞ்சம் மின்சாரமும் தின்னும்.

அரியர் தேர்வில் படம் போடும் முன் 37, 13.5, 1.5 என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டேன். இந்த முறை 12.